டிஸ்க்குக்கு ராசி பெட்டு

டிரே முழுதாக வெளியே வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது.

ஒரு லேப்டாப்புக்குள்ளிருந்து என்னென்ன வாசனை வரும் என்று எனக்குத் தெரியும். சூடேறிய தூசி வரும். கருகிய போர்டு வரும். ஒருமுறை ஹாஸ்டல் மாணவன் ஒருவனின் லேப்டாப்பிலிருந்து புளியோதரை வாசனை வந்தது. அன்றைக்கு வந்தது மஞ்சள் வாசனை. வெள்ளிக்கிழமை காலையில் வாசல்படிக்குக் குழைத்துப் பூசுவார்களே, அதே மஞ்சள்.

டிவிடி டிரைவின் முகப்பில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை அதில் விட்டு அழுத்தினால், கரண்ட் இல்லாவிட்டாலும் டிரே திறந்துகொள்ளும். அழுத்தினேன். அரை விரல் அளவுக்கு வந்தது. நகத்தால் பிடித்து மெதுவாக இழுத்தேன். டிரேயெல்லாம் மஞ்சள் தெறித்துக் காய்ந்து கிடந்தது. டிஸ்க்கைத் தூக்கினேன். அதன் அடிப்பக்கம், கண்ணாடி மாதிரி மின்ன வேண்டிய பக்கம், ஓரத்திலிருந்து ஓரம் வரை மஞ்சள் பொருக்குத் தட்டியிருந்தது. டிஸ்க்கைப் படிக்கிற சின்னக் கண் இருக்கிறதே, அந்த லென்ஸ், அதன் மேலும் ஒரு மஞ்சள் உருண்டை.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். எத்தனையோ மெஷின்களைத் திறந்தவள். பல்லியைப் பார்த்திருக்கிறேன், எறும்புப் புற்றைப் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை.

மேஜைக்கு எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ரங்காச்சாரி சாமி. இன்னொருத்தி அவருடைய மருமகள் வைதேகி. இருவர் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஈயைக் காணோம்

திருப்பதியில் நான் சர்வீஸ் கடை போட்ட கதையைப் போன வாரம் பாதியில் நிறுத்தியிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடிப்படி ஏறினால் முதல் அறை. இரண்டு மேஜை, ஒரு டேபிள் லேம்ப், சுவர் முழுக்க வயர். படியேறி வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். மெக்கானிக் எப்போது வருவார் என்று கேட்பார்கள். வந்தாகிவிட்டது, உட்காருங்கள் என்பேன். சிலர் உட்காருவார்கள். சிலர் மறுபடி வருவதாகச் சொல்லிப் போய்விடுவார்கள். போகிறவர்களை நான் மறந்ததில்லை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், மெதுவாகத்தான் போகும்.

அது வீட்டிலிருந்து வந்த குணம். நாங்கள் நாகலாபுரத்துக்காரர்கள். நைனா, அதாவது என் அப்பா, அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். நான் பத்தாவது படிக்கும்போதுதான் எங்களுக்கென்று ஒரு துண்டு நிலம் வந்தது. ஹார்டுவேர் கோர்ஸ் முடித்து, புது ஸ்க்ரூ டிரைவர் செட்டோடு ஊருக்குப் போனேன். நைனா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இத்த புடிச்சிக்கினு திருவுறதுக்கா ரெண்டு வருசம் படிச்ச?" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அப்புறம் எங்கள் தெரு ரேடியோக்களையெல்லாம் அவரே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

அந்த வருஷங்களில் திருப்பதியில் வீட்டுக்கு ஒரு பிள்ளை கடல் தாண்டிக்கொண்டிருந்தான். தெருவுக்குத் தெரு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற கன்சல்டன்சி போர்டு. தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் பாசுரம் சேவித்த குடும்பத்துப் பையன்கள் ஜாவா படித்து டல்லாஸ் போனார்கள். போகும்போது பழைய லேப்டாப்பை வீட்டில் விட்டுப் போவார்கள், அப்பா அம்மாவுடன் முகம் பார்த்துப் பேசுவதற்கு. அந்தப் பழைய லேப்டாப்புகள்தான் எனக்குச் சோறு போட்டன.

ரங்காச்சாரி சாமியும் கோயில் கைங்கர்யக்காரர்தான். மகன் விட்டுப்போன லேப்டாப்பை மேல்வேஷ்டியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு காலையில் படியேறி வந்தார். மகன் போனில் அவருக்குப் பாடம் எடுத்திருக்கிறான். சி, டி இரண்டும் ஹார்டு டிஸ்க், ஈ என்பது டிஸ்க் போடுகிற டிரைவ் என்று. அதை அப்படியே பிடித்துக்கொண்டு, "சி இருக்கு, டி இருக்கு. ரெண்டு நாளா ஈயைக் காணோம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈயைக் காணோம் என்று ஒருவர் இவ்வளவு கவலையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் சிரிக்கவில்லை. உள்ளே ஒரு டிஸ்க் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றார். அது என்ன டிஸ்க் என்று சொன்னதும் நானும் நிறுத்திக்கொண்டேன்.

மகன் கல்யாண டிஸ்க். கல்யாணமாகிப் பத்தே நாளில் மகன் விமானம் ஏறிவிட்டான். ஆல்பத்துக்குப் படம் பொறுக்கித் தர ஆளில்லாமல் ஆல்பமே போடவில்லை. அந்த ஸ்டூடியோக்காரர் கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். ஆகவே அந்தக் கல்யாணத்துக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த ஒரு டிஸ்க். மறுநாள் விட்டு அடுத்த நாள் சென்னையில் வைதேகிக்கு விசா இன்டர்வியூ. கல்யாணப் படங்கள் இல்லாமல் போகாதீர்கள், புருஷன் பெண்டாட்டி என்று நம்ப மாட்டார்கள் என்று கன்சல்டன்சியில் சொல்லிவிட்டார்களாம். போன வாரம் அப்படித்தான் இவர்கள் தெருவில் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

வைதேகி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சித்தூர்ப் பெண். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். மடியில் ஒரு கைப்பை, அதன் மேல் இரண்டு கையும்.

எனக்குத் தெரிந்த மருந்தெல்லாம்

டிரைவைக் காணோம் என்று வருகிற பத்து லேப்டாப்பில் எட்டுக்கு ஒரே வியாதிதான். டிஸ்க் எழுதுகிற சாஃப்ட்வேர் எதையாவது போட்டிருப்பார்கள், பிறகு எடுத்திருப்பார்கள். போகிற சாஃப்ட்வேர் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்கிற பதிவேட்டில் இரண்டு வரியை விட்டுவிட்டுப் போகும். அந்த இரண்டு வரியும் குறுக்கே நின்றுகொண்டு, டிரைவை விண்டோஸ் கண்ணில் படாமல் மறைத்துவிடும். அவற்றை அழித்து ரீஸ்டார்ட் செய்தால் ஈ திரும்பி வந்து உட்கார்ந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை. அதைச் செய்யும்போது கொஞ்சம் ஸ்டைலாகவே செய்வேன், ஒத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கும் அந்த நினைப்போடுதான் ரெஜிஸ்ட்ரியைத் திறந்தேன். அந்த வரிகளே அங்கே இல்லை.

சரி என்று கருவிகளின் பட்டியலுக்குப் போனேன். புதிதாகத் தேடு என்று சொன்னேன். தேடியது, ஒன்றுமில்லை என்றது. ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன்பே பயாஸுக்குள் போனேன். மெஷினோடு என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று விண்டோஸின் தயவில்லாமல் காட்டுகிற திரை அது. ஹார்டு டிஸ்க் பெயர் இருந்தது. டிவிடி டிரைவ் இருக்க வேண்டிய வரி காலி. பயாஸிலேயே இல்லை என்றால் விண்டோஸைத் திட்டிப் பிரயோஜனமில்லை. கோளாறு இரும்பில்.

லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியிலிருந்த ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, டிரைவை அப்படியே பக்கவாட்டில் உருவினேன். கனெக்டரை ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி சொருகினேன். இல்லை. வேறொரு லேப்டாப்பின் டிரைவைக் கழற்றி அதே இடத்தில் சொருகினேன். உடனே ஈ வந்தது. சாமி துள்ளி எழுந்தார். உட்காருங்கள், இது உங்கள் ஈ இல்லை என்றேன். லேப்டாப் நன்றாக இருக்கிறது, உங்கள் டிரைவ்தான் செத்துவிட்டது என்று விளக்கினேன்.

டிரைவ் போனால் போகட்டும். டிஸ்க்கை எடுக்க வேண்டும். நான் பேப்பர் கிளிப்பை நிமிர்த்தியதைப் பார்த்ததும் சாமி கையெடுத்துக் கும்பிட்டார். குத்தாதே, கீறல் விழுந்துவிடும் என்றார். டிஸ்க்கில் அது படாது என்று படம் வரைந்து காட்டினேன். அப்போதுதான் வைதேகி முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"விட்டுடுங்கோக்கா. போனது போகட்டும்."

பயந்துபோயிருக்கிறது பெண் என்று நினைத்தேன். பயப்படாதேம்மா, நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளிப்பை ஓட்டைக்குள் விட்டேன்.

வாசல்படிக்கும் அதே சொல்

அப்புறம் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். மூன்று பேரும் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஊர் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

சாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. யார் செய்தது என்று மருமகளைக் கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. அவருக்கு அதட்டத் தெரியாது என்று நினைக்கிறேன். வைதேகி என்னைக் கைகாட்டினாள்.

"அக்காதான் போன்ல சொன்னா. டிஸ்க்குக்கு ராசி பெட்டுன்னு."

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி புரிந்தது. புரிந்ததும் காது மடலெல்லாம் சுட்டது.

ஆந்திர எல்லையில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்களில் வீட்டுக்குத் தமிழ், ஆபீசுக்கும் சந்தைக்கும் தெலுங்கு, மெஷினுக்கு இங்கிலீஷ். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்போம், நடுவில் எப்போது மாறினோம் என்று எங்களுக்கே தெரியாது. கடையில் நான் பேசுவதும் அந்தக் கலவைதான்.

நாலைந்து நாளுக்கு முன்னால் சாமி வீட்டிலிருந்து போன் வந்திருந்தது. ஒரே டிஸ்க்தான் இருக்கிறது, பத்திரப்படுத்த என்ன செய்வது என்று வைதேகிதான் பேசினாள். கையில் வேலை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். புதுசு ஒன்று வாங்கி அதில் காப்பி எழுதி வைத்துக்கொள் என்பதைத்தான் நான், "டிஸ்க்குக்கு ராசி பெட்டும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தெலுங்கில் ராயி என்றால் எழுது. பூசு என்பதற்கும் அதே ராயிதான். நோட்டில் கணக்கு ராயி, தலைக்கு எண்ணெய் ராயி, வாசல்படிக்கு மஞ்சள் ராயி. ராசி பெட்டு என்றால் எழுதி வை. பூசி வை என்றாலும் தப்பில்லை. போதாததற்கு, தமிழ்க் காதுக்கு ராசி என்றால் அதிர்ஷ்டம். அமெரிக்கா போகப்போகிற பெண்ணிடம், கல்யாண டிஸ்க்குக்கு ராசி பெட்டு என்று ஒருத்தி சொன்னால், அந்தப் பெண் எதைத் தேடிக்கொண்டு சமையலறைக்குப் போவாள்?

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றுதான் அப்போது தோன்றியது. ஆயுத பூஜை முடிந்த வாரம் என் கடைக்கு வருகிற லேப்டாப்புகளைப் பார்க்க வேண்டும். மூடியில் சந்தனம், நடுவில் குங்குமம், ஸ்பீக்கர் ஓட்டையில் விபூதி. கீபோர்டைக் கழற்றிக் குங்குமத்தைப் பிரஷ்ஷால் தட்டியெடுத்திருக்கிறேன். எனக்கு அதில் வெறுப்பெல்லாம் கிடையாது. புது ஸ்க்ரூ டிரைவர் செட்டுக்கு நானே பொட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் ஈர மஞ்சளைப் பூசிய தட்டை டிரைவுக்குள் போட்டால் என்ன ஆகும்? அது சும்மா சுற்றாது, வெறிபிடித்த மாதிரி சுற்றும். மஞ்சள் தண்ணீர் நாலா பக்கமும் தெறித்து, உள்ளே இருக்கிற போர்டில் இறங்கி, டிரைவ் அங்கேயே உயிரை விட்டிருக்கிறது. அதனால்தான் பயாஸில்கூட பெயரில்லை. இரண்டு மணி நேரமாக நான் தேடிய கொலைகாரி நானே.

மற்றவர்களின் தெலுங்கைக் கேலி செய்தே பழகியவள் நான். ஒரு வாக்கியத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் ஒரு பெண்ணின் பயணத்தைக் கெடுத்துவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

சிவந்த தண்ணீர்

டிஸ்க் என்பது பிளாஸ்டிக்தானே. அதற்குள் இருப்பது மஞ்சளுக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. இது நினைவுக்கு வந்ததும் எனக்கு உயிர் வந்தது. டிஸ்க்கை இரண்டு விரலில் ஓரமாகப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்துக் குழாயடிக்கு ஓடினேன். சாமி பின்னாலேயே வந்தார்.

முதலில் வெறும் தண்ணீரில் ஊறவிட்டேன். பொருக்கு இளகியது. குளிக்கிற சோப்பை விரலில் குழைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக வழித்தேன். வட்டமாகத் தேய்க்கக் கூடாது, கீறினால் படமே போய்விடும்.

சோப்பு பட்ட இடமெல்லாம் ரத்தமாகச் சிவந்தது.

நான் அலறியேவிட்டேன். விரலில், டிஸ்க்கில், தொட்டியில், எல்லா இடத்திலும் சிவப்பு. கையைக் கிழித்துக்கொண்டோமா என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாமிதான் முதலில் தெளிந்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி சிவக்கவில்லையா, சோப்பிலும் அந்த மாதிரி காரம்தானே இருக்கிறது என்றார். பகவானே ஆரத்தி எடுத்துவிட்டான், இனி நல்லதுதான் நடக்கும் என்றார். நான் மறுபடி மறுபடி தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். சிவப்பு போய், மஞ்சள் போய், கடைசியில் என் முகம் அதில் தெரிந்தது.

பஞ்சால் ஒற்றி, மின்விசிறியின் கீழே காயவைத்து, கடையிலிருந்த பெரிய கம்ப்யூட்டரில் போட்டேன். டிரைவ் இரண்டு தடவை முனகியது. மூன்றாவது தடவை படித்துவிட்டது.

ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்தேன். நாதஸ்வரமும் தவிலும் மாடிப்படி வரை கேட்டன. திரையில் மாலை மாற்றினார்கள், ஊஞ்சல் ஆடினார்கள், கூறைப் புடவையில் வைதேகி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். போட்டோக்களை ஒன்றுவிடாமல் திறந்து பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்திலும் யார் யார் என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பக்கத்து டைப்பிங் சென்டர்க்காரர்கூட வந்து எட்டிப் பார்த்தார். செத்த டிஸ்க்கைப் பிழைக்கவைத்த பெருமை எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. நான் வைதேகியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

குழாயடியில்

கையில் மஞ்சள் கறை இன்னும் இருந்தது. சாமியைத் திரை முன்னால் விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனேன். வைதேகியும் கை கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். கழுவவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

"சோப்புல போயிடும்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றாள்.

போகாமல் பின்னே, இனி நிம்மதியாக இரு என்றேன். அவள் தலையை ஆட்டினாள், அது ஆமாம் என்கிற ஆட்டல் இல்லை.

"நான் பத்து வருஷம் தெலுங்கு மீடியம்க்கா. ராயின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதை மூட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

கைப்பையைத் திறந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பிரித்தேன். தெலுங்கில் அச்சடித்த ஆர்டர். வரதய்யபாளையம் பக்கத்தில் ஒரு கவர்ன்மென்ட் ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர். வருகிற திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். பரீட்சை எழுதியது கல்யாணத்துக்கு முன்னால். தாள் வந்தது சித்தூரில் அம்மா வீட்டுக்கு. கிழித்துப் போடு, புகுந்த வீட்டில் யாரிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லித்தான் அம்மா அதை அவளிடம் கொடுத்திருக்கிறாள். புருஷனிடம் போனில் ஒரு தடவை மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தாளாம். அவன் சிரித்துவிட்டு, அங்கே குளிர்காலத்துக்கு என்னென்ன துணி வேண்டும் என்று பட்டியல் சொன்னானாம். அவனுடைய விசாவில் போகிறவள் அங்கே வேலைக்குப் போக முடியாது. வீட்டில்தான் இருக்க வேண்டும்.

அதற்காகச் சொந்தக் கல்யாண டிஸ்க்கைக் கெடுப்பாயா என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவள் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வேண்டாம்னு நான் சொன்னா, ரெண்டு ஆத்து மனுஷாளும் சண்டை போட்டுப்பா. விசாக்காரன் வேண்டாம்னு சொன்னா யாருக்கும் யார் மேலயும் கோவம் வராது. டிஸ்க்கை உடைச்சா ஏன் உடைச்சேன்னு கேப்பா. மஞ்சளைத் தடவினா யார் திட்டுவாக்கா?"

ஒருவரும் திட்டவில்லை. நானும்தான் திட்டவில்லை. நான் செய்ததெல்லாம் அவளுக்காக மன்னிப்புக் கேட்டது. இப்போது யோசித்தால் எல்லாம் கண்ணெதிரே இருந்திருக்கிறது. பொட்டு வைக்கிறவள் டிஸ்க்கின் முகப்பில், பெயர் இருக்கிற பக்கத்தில் வைப்பாள். அந்தப் பக்கம் பளிச்சென்று இருந்தது. மின்னுகிற பக்கத்தில் ஓர் இடம் விடாமல் அப்பியிருந்தது. ஒரு ஸ்க்ரூ இடம் மாறியிருந்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிற எனக்கு அது கண்ணில் படவில்லை.

அதைவிட என்னைச் சுட்டது இன்னொன்று. மெக்கானிக் எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் நான்தான் என்று சண்டைக்குப் போனவள் நான். காலையிலிருந்து என் எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ரெஜிஸ்ட்ரியைக் கேட்டேன், பயாஸைக் கேட்டேன். உனக்குப் போக இஷ்டமா என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இப்ப நான் இன்னா செய்யட்டும்? சாமிகிட்ட சொல்லட்டா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்க்கா" என்று தாளை என் கையிலிருந்து வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தாள். "அவர் பாவம், ஏதாவது சொன்னா நொறுங்கிப் போயிடுவார். நீங்க உங்க வேலைய நன்னா பண்ணினேள்."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்னொரு காப்பி

உள்ளே போனபோது சாமி நல்ல உற்சாகத்தில் இருந்தார். டைப்பிங் சென்டர்க்காரரிடம் ராசி பெட்டு கதையை ஒருமுறை சொல்லி முடித்திருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னொண்ணு ராசி குடும்மா. இந்தத் தடவை மஞ்சள் வேண்டாம்" என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை.

புது டிஸ்க்கைப் போட்டேன். பட்டனை அழுத்தினேன். திரையில் பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது. நடுவில் நிறுத்திவிடலாம். ஒரே ஒரு கீ. ஒரிஜினலை எடுக்கும்போது ஸ்க்ரூ டிரைவர் முனையைத் தவறுதலாக இழுத்துவிடலாம். சோப்பு தின்றுவிட்டது சாமி, மன்னித்துவிடுங்கள் என்று சொன்னால் அவர் நம்பியிருப்பார். ஏற்கெனவே ஒரு பழி என் மேல் இருக்கிறது, இரண்டாவதையும் சேர்த்துக்கொண்டால் என்ன கெட்டுவிடும்?

செய்யவில்லை. தொழில் தர்மம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் பிழைக்கவைத்த ஒன்றை நானே கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பெருமைதான் காரணம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

விசா கிடைத்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் சாமியே படியேறி வந்து லட்டு கொடுத்துவிட்டுச் சொன்னார். அவர் இன்று இல்லை. ராசி பெட்டு கதையைக் கடைசி வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். திருப்பதியில் பாதிப் பேருக்கு நான் டிஸ்க்குக்கு மஞ்சள் பூசச் சொன்ன நாகலாபுரத்துக்காரி. ஒருவரிடமும் நான் அதைத் திருத்தியதில்லை.

அன்றைக்குக் காப்பி ஒரு குறையுமில்லாமல் வந்தது. வெள்ளை முகப்பு வெறுமையாக இருந்தது. சாமி என் மேஜையிலிருந்த மார்க்கர் பேனாவை எடுத்து மருமகளிடம் நீட்டினார். அவளுடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அவளே பெயரை எழுதட்டும் என்றார்.

வைதேகி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேஜையில் குனிந்து, புருஷன் பெயரை முதலிலும் தன் பெயரை அதன் கீழேயும் தெலுங்கில் எழுதினாள். வரி கோணவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் தெரிகிற மாதிரி, ஒவ்வோர் எழுத்தையும் பெரிதாக, நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.